அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு ரிவால்வர்

வீட்டுப் பழம்பொருள்கள் பற்றித் தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதிலெழுதி வருகிறேன். குத்துவிளக்கு, வெண்கலப் பானை, கப்பலில் வந்த அம்மிக்கல் என்றுதான் பெரும்பாலும் கடிதங்கள் வரும். இம்முறை வந்தவற்றில் நான்கு கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவை: குடும்பத்தில் வழிவழியாக வந்த பழைய ரிவால்வர். ஆகவே விளக்குக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் அப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று கிடைத்தது. அப்பாவின் தாத்தா கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார் என்றும், ஸ்பியோன் கோப் மலையில் அவர் காப்பாற்றிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் இதைப் பரிசாகக் கொடுத்தார் என்றும் ஆயா (பாட்டி) சொல்லுவார். தம்பி எடுத்த ஐந்து படங்களை இணைத்திருக்கிறேன். இது என்ன துப்பாக்கி, எவ்வளவு பழையது, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: அம்மா, துப்பாக்கியின் வரலாற்றுக்குப் போகுமுன் உங்கள் மூன்றாவது படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தோட்டாக்கள் அமரும் உருளைக்கும் அதன் பின்னாலுள்ள சட்டத்துக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி தெரிகிறது. அதில் இரண்டு இடங்களில் பித்தளை மின்னுகிறது. அவை தோட்டாக்களின் விளிம்புகள். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளாக இருக்கலாம், சுடாத தோட்டாக்களாகவும் இருக்கலாம். படத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதே படத்தில் தம்பியின் ஆள்காட்டி விரல் விசையின் மேல் இருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. ரிவால்வரைக் கையில் எடுக்கும் யாருக்கும் விரல் தானாக அங்கேதான் போகும். இனி யாரும் அதைத் தொட வேண்டாம், திறந்து பார்க்க வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். அந்த அறையைப் பூட்டிவிட்டு, உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, இறந்தவரின் உடைமைகளில் தோட்டா இருக்கக்கூடிய ஒரு ரிவால்வர் கிடைத்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். நீங்களே ஒரு பையில் போட்டுக் காரில் எடுத்துச் செல்லும் வேலை மட்டும் வேண்டாம். வழியில் சோதனைச் சாவடி ஒன்றில் நிறுத்தினால், ஆயாவின் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கப் போலீஸ்காரருக்கு நேரம் இருக்காது.

இனி துப்பாக்கியைப் பற்றிப் பார்ப்போம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் தயாரிப்பு இது. மார்க் 6 வகை. படங்களிலிருந்து இதை எப்படிச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இதே வழி மற்றவர்களுக்கும் உதவும். குழலுக்கும் உருளைக்கும் பின்னே, இடப்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தும் நெம்புகோல் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்து, ஆறு கூடுகளையும் ஒரே தள்ளில் வெளியே தள்ளும். வெப்லியின் இராணுவ ரிவால்வர்கள் அனைத்துக்கும் இந்த அமைப்பு பொதுவானது. அவற்றில் மார்க் 1 வகையை பிரிட்டிஷ் இராணுவம் 1887-இல் ஏற்றது. மார்க் 4 வந்தது 1899-இல். மார்க் 5, 1913-இல். மார்க் 6, 1915-இல். மார்க் 5 வரையிலானவற்றின் கைப்பிடி கிளிமூக்குப் போல வளைந்து முடியும். மார்க் 4-இன் குழல் பெரும்பாலும் 4 அங்குலம். உங்களுடையதன் கைப்பிடி அடியில் சதுரமாக வெட்டியது போல முடிகிறது, குழலோ 6 அங்குலம். இந்த இரண்டையும் பார்த்தாலே மார்க் 6 என்று சொல்லிவிடலாம். தோட்டாவின் அளவு 0.455 அங்குலம், அதாவது ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். கையில் எடுத்தபோது தம்பி அதன் கனத்தை உணர்ந்திருப்பார். தோட்டா இல்லாமலே ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

இவற்றைவிட முக்கியமானது நான்காவது படம். வெப்லி என்ற பெயருக்கு அருகே 1917 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் செய்த மார்க் 6 துப்பாக்கிகளில் இப்படி ஆண்டைப் பொறித்தார்கள். அதன் பக்கத்தில் யூ என்ற ஆங்கில எழுத்தும் அதற்குள் ஓர் அம்புக்குறியும் இருக்கின்றன. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையின் அடையாளம்; அதைச் சுற்றி யூ எழுத்து இருந்தால் அது தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் உடைமை என்று பொருள். யூனியன் பிறந்ததோ 1910 மே 31-இல். ஸ்பியோன் கோப் போர் நடந்தது 1900 ஜனவரியில். ஆகவே, அம்மா, அந்த மலையில் உங்கள் கொள்ளுத்தாத்தா கையில் எந்த அதிகாரியும் இந்த ரிவால்வரைக் கொடுத்திருக்க முடியாது.

இதைப் படித்ததும் வருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கதையில் இரண்டு கூறுகள் இருக்கின்றன. ஒன்று விழுந்தால் மற்றொன்றும் விழுந்தாக வேண்டும் என்பதில்லை. 1899 டிசம்பரில் காந்தி முன்னின்று திரட்டிய இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். கொலென்சோவிலும் ஸ்பியோன் கோப்பிலும் காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள் அவர்களே. உங்கள் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவராக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனால் அவர்கள் ஆயுதமில்லாத தூக்குப்படையினர். அந்தப் போரில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த பரிசைப் பற்றி நாம் அறிந்த கதை ஒன்று இருக்கிறது. முற்றுகையிடப்பட்ட லேடிஸ்மித்தில், எதிரியின் பெரிய பீரங்கி சுடும்போதெல்லாம் மணியடித்து ஊரை எச்சரித்த பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலிக்கு, இந்தியாவின் வைஸ்ராய் கர்சன் பிரபு ஓர் அங்கியை அனுப்பிவைத்தார். பாராட்டுக்கு அங்கி வந்தது, துப்பாக்கி வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இது வீட்டுக்கு எப்படி வந்தது? முதல் உலகப்போரின்போது நேட்டாலிலிருந்து இந்தியர் தூக்குப்படை ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. அதில் உங்கள் குடும்பத்தார் யாரேனும் இருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதைவிடச் சாதாரணமான விடையும் ஒன்று உண்டு: அரசு கழித்துவிட்ட துப்பாக்கிகள் விற்பனைக்கு வருவதும், பண்ணைவீட்டு ஏலத்தில் கைமாறுவதும் நடப்பதுதான். கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய பாதியைச் சரிபார்க்க விரும்பினால் அவருடைய ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். அந்த எண் தெரிந்தால், குவாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்து ஆவண மையத்திலுள்ள கப்பல் பட்டியல்களில் அவருடைய தந்தை பெயர், ஊர், கப்பல் எல்லாம் கிடைக்கக்கூடும். அவர் ஒப்பந்தக் கூலியாக வந்தார் என்பதற்காவது, துப்பாக்கி தராத சான்றை அந்த ஒரு வரி தந்துவிடும்.

கண்ணாடிப் பெட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோட்டா போட்டுச் சுடும் எந்த ரிவால்வரும், 1917-இல் செய்ததானாலும் நேற்றுச் செய்ததானாலும், 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் முன் துப்பாக்கிதான். உரிமமின்றி வைத்திருந்தால் 15 ஆண்டு வரை சிறை விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. அப்பாவின் பழைய பச்சை அடையாளப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். முந்தைய சட்டத்தின் கீழ் வாங்கிய உரிமங்களை அந்தப் புத்தகத்திலேயே பதிந்தார்கள். பதிவு இருந்தால் துப்பாக்கி நேர்வழியில் வந்தது என்று தெரியும். ஆனாலும் அப்பாவின் உரிமம் அப்பாவோடு முடிந்தது, அது உங்களுக்கு வந்து சேராது. பதிவே இல்லையென்றால், அதிகாரியை அழைக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் அரைமணி நேரம் பேசிவிடுவது நல்லது. ஆனால் அதைச் சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

சொத்து நிர்வாகியாக உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் யாரை நியமித்திருக்கிறதோ, அவர்தான் இதற்குப் பொறுப்பு. சொத்தின் மதிப்பு 250,000 ரேண்டுக்கு உட்பட்டதாக இருந்தால் எளிய அதிகாரக் கடிதம் ஒன்றே போதும். அந்தக் கடிதத்தைக் காட்டி, உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி ஒருவரிடம் ரிவால்வரைப் பாதுகாப்பாக ஒப்படைத்து வைக்கலாம். மற்ற முடிவுகளைப் பிறகு நிதானமாக எடுக்கலாம். குடும்பத்தில் 21 வயது நிறைந்த ஒருவர் பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்கி, தம் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் சேர்ந்து, தனியார் சேகரிப்புக்கான உரிமம் கோரலாம். இவை இரண்டும் வேண்டாமென்றால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியர் ஒருவரைக் கொண்டு இனி எப்போதும் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து, அதற்கான சான்றிதழோடு வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான். செயலிழக்கச் செய்த துப்பாக்கியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, சேகரிப்பாளர் சந்தையில் அதன் விலையும் இறங்கிவிடும். ஆனால் மார்க் 6 ஏராளமாகச் செய்யப்பட்ட துப்பாக்கி. உங்கள் வீட்டில் அது விலைக்காக இருக்கவில்லை. இதுவே பழைய டிரான்ஸ்வால் குடியரசின் முத்திரை பதித்த துப்பாக்கியாகவோ மார்க் 1 ஆகவோ இருந்திருந்தால், துளையிடும் கருவியை அதன் பக்கம் கொண்டுவர விட்டிருக்க மாட்டேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் இளைஞர்: மாமா எனக்கு ஒரு சின்ன ரிவால்வரைக் கொடுத்தார். ஐந்து தோட்டா போடலாம். குழல் இரண்டரை அங்குலந்தான். மேலே பிரிட்டிஷ் புல்டாக் என்று எழுதியிருக்கிறது, ஆனால் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. உருளையின் மேல் முட்டை வடிவத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும், அதன் மேல் ஒரு கிரீடமும் இருக்கின்றன. ஞாயிற்றுச் சந்தையில் பழம்பொருள் விற்கும் ஒருவர், இது 1900-க்கு முந்தியது, சட்டப்படி ஆன்டிக், லைசென்ஸே தேவையில்லை என்றார். உண்மைதானா?

பதில்: தம்பி, அந்த வியாபாரி சட்டத்தில் பாதியை மட்டும் படித்திருக்கிறார், உங்களைச் சிறைக்கு அனுப்ப அந்தப் பாதியே போதும். சட்டம் ஆன்டிக் என்று விலக்கு அளிப்பது 1900 ஜனவரி 1-க்கு முன் செய்யப்பட்ட, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கு. ஆண்டு ஒரு நிபந்தனை, வாய்வழிக் கெட்டிப்பு மற்றொரு நிபந்தனை. இரண்டும் சேர்ந்து இருந்தாக வேண்டும். உங்களுடையதில் உலோகக் கூட்டுக்குள் அடைத்த தோட்டாவைப் பின்பக்கமாக நுழைக்கிறீர்கள். அது 1875-இல் செய்ததாக இருந்தாலும் அதற்கு உரிமம் வேண்டும். பேச்சுவழக்கில் பழையது எல்லாவற்றையும் ஆன்டிக் என்கிறோம். காவல் நிலையத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்.

மாமா உயிரோடு இருப்பதால் இதைப் பரம்பரைச் சொத்து என்றும் சொல்ல முடியாது. அவர் பெயரில் உரிமம் இருந்தால் துப்பாக்கி இன்றே அவரிடம் திரும்பட்டும். நீங்கள் தகுதிச் சான்றிதழும் உரிமமும் பெற்ற பிறகு முறைப்படி மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறினாலே இருவருக்கும் குற்றம். அவரிடமும் உரிமம் இல்லையென்றால், சாட்ஸ்வொர்த் அம்மாவுக்கு வழக்கறிஞரைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். 2019 டிசம்பர் 1 முதல் 2020 மே 31 வரையும், பின்னர் 2020 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜனவரி 31 வரையும் அரசு பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. உரிமமில்லாத துப்பாக்கியை அப்போது கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கு வந்திருக்காது. அந்த நாட்களில் மாமா தூங்கிவிட்டார் போலும்.

அடையாளம் எளிது. இ, எல், ஜி என்பவை பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துச் சோதனைக் கூடத்தின் முத்திரை. அங்கே செய்த துப்பாக்கிகளை மிகையான மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கியவற்றில் இதைப் பதிப்பார்கள். முத்திரையின் மேல் கிரீடம் சேர்ந்தது 1893-இல். ஆகவே உங்களுடையது அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல. தனி எழுத்து ஒன்றின் மேல் சிறு நட்சத்திரத்தோடு இன்னொரு முத்திரையும் எங்கேனும் இருக்கும். அது சோதித்த அலுவலரின் அடையாளம், செய்தவரின் பெயரல்ல. பலரும் இதைத்தான் மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டிஷ் புல்டாக் என்பது வெப்லி 1872-இல் வெளியிட்ட சட்டைப்பை ரிவால்வரின் பெயர். அது நன்றாக விற்றதால் லியேஜ் பட்டறைகள் அதே பெயரைப் பொறித்து மலிவான நகல்களை உலகெங்கும் அனுப்பின. பேரில் பிரிட்டன், பிறப்பில் பெல்ஜியம். நம் ஊரில் கிடைக்கும் பெயரில்லாப் புல்டாக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அபூர்வப் பொருள் என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர்: உரிமத்தோடு எங்களிடம் 1890-களின் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. ஒரே ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அந்தக் காலத்து ரிவால்வர்களில் பல கறுப்பு வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையற்ற மருந்தின் அழுத்தம் வேறு. உருளையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று இருந்தால், வெடிப்பது உங்கள் கைக்குள். கூடவே கிடைத்த பழைய தோட்டாக்களையும் மினுக்கவோ பிரித்துப் பார்க்கவோ கூடாது. அவற்றை வைத்திருக்கவும் அதே உரிமம் வேண்டும்.

டோங்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: அப்பாவின் சித்தப்பா வைத்திருந்த வெப்லி மார்க் 4 ரிவால்வரைச் செயலிழக்கச் செய்து சான்றிதழும் பெற்றுவிட்டோம். தோல் உறையும், போர்ப் பதக்கம் ஒன்றும், அவருடைய படமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்க விரும்புகிறேன். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துவிடலாம் என்கிறார். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைப்பதும் வழக்கம். எப்படிச் செய்வது சரி?

பதில்: ஐயா, இந்த மாதக் கடிதங்களில் சட்ட வேலையை முடித்துவிட்டு, காட்சிக்கு வைப்பது எப்படி என்று கேட்டவர் நீங்கள் ஒருவரே, அதற்கு முதலில் நன்றி.

அம்மாவிடம் பணிவோடு சொல்லுங்கள்: புளி குத்துவிளக்குக்கு. புளியின் அமிலம் பித்தளையின் களிம்பை எடுப்பது போல, எஃகின் மேலிருக்கும் நீலக்கறுப்பு மேற்பூச்சையும் எடுத்துவிடும். அடுத்த மழைக்காலத்திலேயே அந்த இடத்தில் செந்துரு ஏறும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு தேய்ப்பிலும் முத்திரைகளின் விளிம்பு மழுங்கும். சாட்ஸ்வொர்த் அம்மாவின் ரிவால்வரில் 1917 என்ற எண் தேய்ந்து போயிருந்தால் அது செய்யப்பட்ட ஆண்டை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. விபூதியும் எலுமிச்சையும் இரும்புக் கம்பி நாரும் கடைகளில் விற்கும் உலோகப் பாலிஷும் இதே கணக்கில்தான் சேரும். மேற்பூச்சை மீண்டும் ஏற்றிப் புதிது போல ஆக்கித் தருவதாகச் சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியில் கனிம எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒற்றி, மிகுந்ததைத் துடைத்தெடுங்கள். தேங்காய் எண்ணெய் கூடாது. நாளடைவில் அது பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்த பின் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லிதாகத் தடவினால், கடற்காற்று நேரடியாகப் படாது. டோங்காட்டில் உப்புக்காற்று எவ்வளவு தூரம் வரும் என்பதை உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தாலே தெரியும். ஆயுத பூஜையை விட வேண்டாம். ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் வையுங்கள். குங்குமத்தில் சுண்ணாம்பு சேர்ந்திருக்கும், சந்தனத்தில் தண்ணீர் இருக்கும். இரண்டும் எஃகில் காய்ந்தால் வட்டமாகக் கறை விழும். அந்த வட்டக் கறையை நானே வேறொரு வீட்டு வாளில் பார்த்திருக்கிறேன். எந்த மெழுகாலும் அதை மறைக்க முடியவில்லை.

பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நோக்கத்தோடு செய்த பெட்டியே பொருளை அரிப்பதை அடிக்கடி காண்கிறேன். ரிவால்வரை அதன் தோல் உறைக்குள் செருகி வைக்காதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்து, உறை தொடும் இடமெல்லாம் எஃகைப் பொத்தலாக்கும். உறையைப் பக்கத்தில் தனியாக, உள்ளே தாள் அடைத்து, வடிவம் குலையாமல் வையுங்கள். கைப்பிடியின் கறுப்புத் தகடுகள் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெயில் பட்டால் அவை பழுப்பேறும். அவற்றிலிருந்து மெல்ல வெளிப்படும் கந்தக ஆவி மூடிய பெட்டிக்குள் வெள்ளியைக் கறுக்க வைக்கும். உங்கள் பதக்கம் வெள்ளியாக இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி செய்யுங்கள். ஒரே சட்டத்துக்குள் எல்லாவற்றையும் பார்க்கும் ஆசை இருந்தால் பதக்கத்தின் நிறப்படம் ஒன்றை வைக்கலாம். கம்பளித் துணியும் வெல்வெட்டும் உள்விரிப்பாக அழகாக இருக்கும், ஆனால் கம்பளியிலும் கந்தகம் உண்டு. வெளுக்காத பருத்தித் துணியே நல்லது. ஓக் மரமும் மரத்தூள் பலகையும் புளிப்பு ஆவியை விடும். உலோகச் சட்டமும் கண்ணாடியும் போதும். சிலிக்கா பொட்டலம் ஒன்றை மறைவாக வைத்து, நிறம் மாறும்போது மாற்றுங்கள். ரிவால்வரை விசைக்காப்பு வளையத்தில் ஆணியடித்துத் தொங்கவிடும் பழக்கத்தை எங்கோ சினிமாவில் பார்த்துக் கற்றிருக்கிறோம். குழலின் அடியில் ஒன்று, கைப்பிடியின் அடியில் ஒன்று என இரண்டு தாங்கிகளின் மேல் படுத்திருக்க வேண்டும். தாங்கிகளின் மேல் துணி சுற்றியிருக்க வேண்டும்.

பெட்டியைப் பூட்டுங்கள், சுவரோடு திருகாணியால் இறுக்குங்கள், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். சுட முடியாத துப்பாக்கி என்பது உங்களுக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்க்கும் திருடனுக்குத் தெரியாது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு போய் யாரையாவது மிரட்டினால், மிரட்டப்படுபவருக்கும் தெரியாது. சான்றிதழின் மூலத்தை வங்கிப் பெட்டகத்திலும் நகலைப் பெட்டியின் பின்பலகையில் ஓர் உறைக்குள்ளும் வையுங்கள். சுடக்கூடிய துப்பாக்கி வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இந்தப் பத்தியைத் தங்களுக்கும் எழுதியதாக எண்ண வேண்டாம். அவர்களுக்குரிய இடம் தென்னாப்பிரிக்கத் தர நிர்ணயம் 953-க்கு இணங்கிய இரும்புப் பெட்டகந்தான். வரவேற்பறையில் உறையையும் படத்தையும் வைத்தால் போதும்.

வீட்டில் வைக்க மனமில்லாதவர்கள் அருங்காட்சியகத்துக்குத் தரலாம். லேடிஸ்மித் முற்றுகை அருங்காட்சியகம், டண்டீயின் தலானா, ஜோகன்னஸ்பர்க் சாக்ஸன்வோல்டிலுள்ள இராணுவ வரலாற்று அருங்காட்சியகம், நம்மவர் கதைக்கென்றே டர்பனிலுள்ள 1860 மரபு மையம் ஆகியவற்றுக்கு முதலில் படத்தோடு கடிதம் எழுதுங்கள். அவர்கள் சம்மதித்து, மாற்றத்துக்கான தாள்கள் தயாரான பின்பே பொருள் நகர வேண்டும்.

கடைசியாக, பெட்டிக்குள் வைக்கும் விளக்கச் சீட்டு. பொருள் சொல்வதையும் குடும்பம் சொல்வதையும் அதில் கலக்காதீர்கள். உங்களுக்காக ஒரு மாதிரி எழுதியிருக்கிறேன். நீங்கள் அனுப்பிய ரிவால்வர் படத்தில் தெரியும் முத்திரைகளைக் கொண்டே எழுதியது:

"வெப்லி மார்க் 4 ரிவால்வர், பர்மிங்காம். இவ்வகை 1899-இல் இராணுவத்தில் ஏற்கப்பட்டது. கிளிமூக்குக் கைப்பிடி, 4 அங்குலக் குழல், ஆறு தோட்டா. மேற்பட்டையில் மார்க் 4 என்ற பொறிப்பு. செயலிழக்கச் செய்யப்பட்டது. எங்கள் அப்பாவின் சித்தப்பா இதை வைத்திருந்தார். யாரிடமிருந்து பெற்றார் என்பதற்குத் தாள் இல்லை. போரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள்."

கடைசி வாக்கியத்தில் உங்கள் வீட்டார் உண்மையில் சொல்வது எதுவோ அதை, சொன்னவரின் உறவுமுறையோடும் சொன்ன ஆண்டோடும் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் தொடர் எண்ணையும் சான்றிதழ் எண்ணையும் சீட்டில் எழுத வேண்டாம். அவை உறைக்குள் இருக்கட்டும்.